பித்தளை வில்லையில் இருந்த பெயர்

நான் எழுதுகிற ஆள் இல்லை. எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவன். ஆபீசில் நான் எழுதுவதெல்லாம் தபால் எண், தேதி, யாருக்கு என்ற மூன்று கட்டங்களுக்குள் முடிந்துவிடும். ஊர்ச் சங்க மலரில் படித்தவர்கள் எழுதுகிற இடத்தில் நான் வந்து உட்காருவதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கூட்டத்தில் எழுந்து பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை என்ற ஒரே தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

எழுதக் காரணம் இருக்கிறது. போன மாதம் ஊரிலிருந்து என் மைத்துனர் கடிதம் போட்டிருந்தார். 'டெல்லி முருகேசன் வெள்ளைக்காரச் சொந்தம் பிடித்துவிட்டான், மகளைச் சீமைக்கு அனுப்பப் போகிறான் என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?' என்று கேட்டிருந்தார். நடந்ததை நடந்தபடி இங்கே எழுதிவிட்டால் ஆளுக்கொரு கடிதம் போட வேண்டியதில்லை.

1

டெல்லிக்கு வந்து இருபத்தொரு வருடம் ஆகிறது. சரோஜினி நகரில் அரசாங்கக் குவார்ட்டர்ஸ், மாடியில் இரண்டு அறை. காலையில் பால் வரிசை, எட்டரைக்கு பஸ், ஞாயிறு தவறாமல் மலை மந்திர் முருகன் கோவில். என் மனைவி பேச்சியம்மாள் காய்கறிக்காரனோடு சண்டை போடும் அளவுக்கு இந்தி கற்றுக்கொண்டாள். எனக்குச் சண்டையே வராது என்பதால் இந்தியும் அவ்வளவாக வரவில்லை. ஒரே மகள் கோமதி இங்கேயே பிறந்தவள். தமிழில் பேசுவாள், வாசிக்க மாட்டாள். கோபம் வந்தால் இந்திக்கு மாறிவிடுவாள்.

இந்த ஊரில் ஒரு மனிதனுக்கு இரண்டு பெயர் வேண்டும். முருகேசன் என்று சொன்னால், "அச்சா, முருகேசன். ஆகே க்யா?" என்பார்கள். அதற்கப்புறம் என்ன என்று அர்த்தம். நம் பக்கத்தில் பெயருக்கு முன்னால் ஒரு எழுத்து இருந்தால் போதும். இங்கே பின்னால் ஒரு குடும்பமே வந்து நிற்க வேண்டும்.

வேலையில் சேர்ந்த அன்று சர்வீஸ் புத்தகம் திறந்த குமாஸ்தா என் சான்றிதழைப் பார்த்துவிட்டு, எஸ் என்றால் என்ன, முழுதாகச் சொல் என்றார். சொன்னேன்.

"ஸ்கெல்பெக்."

பேனாவைக் கீழே வைத்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கையின் நிறத்தையும் பார்த்தார்.

"இசாயீ ஹோ?" கிறிஸ்தவனா என்று கேட்டார்.

"நஹி ஜி. ஹிந்து."

"தோ யே அங்க்ரேஸி நாம் கஹான் சே ஆயா?"

இந்த ஆங்கிலப் பெயர் எங்கிருந்து வந்தது என்று சொல்ல அன்றைக்கு என்னிடம் இருந்த இந்தி போதாது. நான் சிரித்து வைத்தேன். அவர் எழுதி வைத்தார்.

அன்று முதல் எங்கள் பிரிவில் நான் 'லாட் சாப்', பிரபுத்துரை. ஐந்து நிமிடம் தாமதமாகப் போனால், "க்யா லாட் சாப், பக்கி நஹி மிலி?" என்பார்கள், குதிரை வண்டி கிடைக்கவில்லையா என்று. அதெல்லாம் பழகிவிட்டது. ஒருநாள் பக்கத்து மேசைக்காரர், உங்கள் பூட்டி ரொம்ப அழகாக இருந்திருப்பார் இல்லையா முருகேசன் ஜி என்று இந்தியில் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதன் அர்த்தம் எனக்கு உறைக்க மத்தியானம் ஆகிவிட்டது. அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தேன். பதில் சொல்லாமல் விட்டது என் தப்பு.

2

எங்கள் வீட்டுப் பெயர் வந்த வழி ஊரில் மூத்தவர்களுக்குத் தெரியும். இளையவர்களுக்காக எழுதுகிறேன்.

என் பூட்டன் சுடலைமுத்து சர்வே பார்ட்டியில் சங்கிலி பிடித்தவர். மேற்கு மலையடிவாரத்தை வெள்ளைக்காரர்கள் அளந்த காலம். ஒரு துரை, அவருக்குக் கீழே ஆட்கள். அளக்கிற இரும்புச் சங்கிலியின் பின் தலைப்பைப் பிடிப்பவன் நின்ற இடத்தில் நின்று நேர் பார்த்துச் சொல்வான். முன் தலைப்பைப் பிடிப்பவன் வழியில் முள் இருந்தாலும் சேறு இருந்தாலும் விலகாமல் நேராக நடக்க வேண்டும். பூட்டன் முன் தலைப்பு. புதரில் பாம்பு இருந்தால் முதலில் மிதிக்கிற கால் அவருடையது.

ஆட்களுக்குத் தோளிலிருந்து குறுக்கே ஒரு தோல் வார் உண்டு. வாரில் ஒரு பித்தளை வில்லை. இவன் யாருடைய ஆள் என்று தெரிவதற்காக வில்லையில் துரையின் பெயரை வெட்டியிருந்தார்கள்.

பூட்டனுக்கு எழுத்து தெரியாது. துரைக்குப் பெயர் என்று ஒன்று உண்டு என்பதும் தெரியாது. துரை என்றால் துரை, அவ்வளவுதான். தன் நெஞ்சின் மேல் கிடப்பதால் அது தன் பெயர் என்று நினைத்துக்கொண்டார். இங்கிலீஷில் சுடலைமுத்துவை இப்படித்தான் எழுதுவார்கள் போல என்று நம்பினார்.

துரை மலையில் காய்ச்சல் கண்டு இறந்தார். பார்ட்டி கலைந்தது. வில்லையைப் பூட்டன் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு ரயில்பாதை வேலைக்குப் போன இடத்தில் பெயர் கேட்டபோது அதை எடுத்து நீட்டினார். எழுதுகிறவர் பார்த்து எழுதிக்கொண்டார். சில வருடம் கழித்து நிலம் வாங்கினார். பத்திரத்தில் எல்லோரும் கைநாட்டு வைத்தபோது இவர் மட்டும் பேனாவைக் கேட்டு வாங்கினார். வில்லையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதில் பெரிதாக வெட்டியிருந்த முதல் வார்த்தையின் எட்டு எழுத்துகளையும் கோலம் போடுகிற மாதிரி பார்த்துப் பார்த்து வரைந்தார். எங்கள் தெருவில் கைநாட்டு வைக்காத முதல் ஆள் அவர்தான். அன்றிலிருந்து எங்களுக்குக் 'கையெழுத்து வீடு' என்று பெயர். என் தாத்தாவும் அதே எட்டு எழுத்தை வரையப் பழகிக்கொண்டார்.

என் அப்பாதான் எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவர். இங்கிலீஷ் எழுத்துகளைக் கூட்டத் தெரிந்ததும் வில்லையை எடுத்து வாசித்திருக்கிறார். 'ஸ்கெல்பெக் துரையின் சர்வே பார்ட்டி' என்று இருந்ததாம். ஓடிப்போய்த் தாத்தாவிடம் சொன்னாராம். தாத்தா வில்லையை வாங்கி மடியில் செருகிக்கொண்டாராம். பிறகு, "நெலம் அந்தப் பேர்ல கெடக்கு. வரியும் அந்தப் பேர்லதான் கட்டுதோம். அந்த ஆளு போயிட்டாரு, நாம இருக்கோம். இனிமே இது நம்ம பேருதாம்லே" என்றாராம். என்னைப் பள்ளியில் சேர்த்தபோதும் பட்டாவில் உள்ளபடியே போட்டார்கள்.

இதுதான் அந்த எஸ். இதில் ரத்தமும் இல்லை, மதமும் இல்லை. வேலை பார்த்த ஒருவர் தவறாகப் புரிந்துகொண்டது, அவ்வளவுதான்.

3

நான் இருப்பது பழைய தஸ்தாவேஜுகளைப் பாதுகாக்கும் ஓர் அரசாங்க அலுவலகத்தில், தபால் பிரிவில். ஏஷியாட் விளையாட்டுப் போட்டிகள் முடிந்த மறு வருடம் மழைக்காலத்தில் இங்கிலாந்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. எங்கள் பிரிவு அதிகாரி சோப்ரா சாப் அதைக் கையில் ஆட்டிக்கொண்டே என் மேசைக்கு வந்தார்.

"முருகேசன் ஜி, மிட்டாயி மங்காவோ! வலாயத் சே ரிஷ்தேதார் கா கத் ஆயா ஹை." மிட்டாய் வாங்கிவரச் சொல்லுங்கள், சீமையிலிருந்து சொந்தக்காரர் கடிதம் வந்திருக்கிறது என்றார்.

எழுதியவர் மிஸ் ஸ்கெல்பெக் என்ற ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. தன் குடும்பத்தில் ஒருவர் நில அளவைக்காக இந்தியாவுக்கு வந்து திரும்பவில்லை, அவரைப் பற்றி ஏதாவது குறிப்பு உண்டா என்று கேட்டிருந்தார். தேடியதில் ஒரு பட்டியலில் ஒரே வரி இருந்தது. பெயர், பதவி, மலையில் இறந்தார் என்பது மட்டும். அதைப் பதிலாக எழுதி அனுப்பிக் கோப்பை மூடினோம். ஆனால் பதிலின் அடியில் சோப்ரா சாப், விளையாட்டோ நல்லெண்ணமோ, 'இதே பெயருடைய ஒருவர் எங்கள் அலுவலகத்தில் பணிபுரிகிறார்' என்று ஒரு வரி சேர்த்துவிட்டார்.

ஐந்து வாரத்தில் என் பெயருக்கே நான்கு பக்கக் கடிதம் வந்தது. கோமதி வாசித்து அர்த்தம் சொன்னாள்.

இங்கிலாந்தின் வடக்கே ஒரு பள்ளத்தாக்கு. அந்தப் பக்கத்துப் பேச்சில் பெக் என்றால் ஓடை. ஸ்கெல்பெக் என்பது இரைச்சலோடு ஓடுகிற ஓர் ஓடை. அதன் கரையில் ஆடு வளர்த்த குடும்பம் ஓடையின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டது. ஒரே பள்ளத்தாக்கு, ஒரே மாதா கோவில். அந்தக் கல்லறைத் தோட்டத்தைத் தாண்டினால் அந்தப் பெயரைக் காண முடியாதாம். இரண்டு ஊர் தள்ளிச் சொன்னாலே, எந்த நாட்டுப் பெயர் என்று கேட்பார்களாம். சிலர் ஈயச் சுரங்கத்துக்குப் போய் நெஞ்சு அடைத்துச் செத்தார்கள். சிலர் கப்பலேறினார்கள். மிச்சமிருந்த ஆண்களை இரண்டு யுத்தங்கள் கொண்டுபோயின. இவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 'இந்தப் பெயர் என்னோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன். இப்போது நீங்கள் இருக்கிறீர்கள்' என்று எழுதியிருந்தார்.

அந்த வரியைக் கோமதியை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னேன். நான் இருபது வருடமாகக் குனிந்துகொண்டே சொன்ன பெயர் அது. ஒருவருக்கு அது கடைசியாக மிஞ்சிய உடைமையாக இருந்திருக்கிறது.

4

கோமதியை உட்காரவைத்து, வில்லையின் கதையை முதலிலிருந்து சொல்லி, அப்படியே இங்கிலீஷில் எழுதச் சொன்னேன். எழுதினாள். வாசித்தும் காட்டினாள், வேகமாக. எனக்குப் பாதிதான் புரிந்தது. மகள்தானே என்று கையெழுத்துப் போட்டேன்.

பதில் வந்தபோது முதல் வார்த்தையே எனக்குத் தெரிந்த வார்த்தை. 'கஸின்' என்று என்னை அழைத்திருந்தார். கோமதி பன்னிரண்டாவது முடித்ததும், நர்ஸ் பயிற்சிக்கு மனுப் போட்டு இடம் கிடைக்காமல் போனதும் அவருக்குத் தெரிந்திருந்தது. தன் ஊர் ஆஸ்பத்திரியிலேயே நர்ஸ் படிப்பு உண்டு, தன் வீட்டில் மூன்று அறை சும்மா கிடக்கிறது, நம் குடும்பத்துப் பெண் வந்து இருந்தால் எல்லாப் பொறுப்பையும் தானே ஏற்கத் தயார் என்று எழுதியிருந்தார். குளிர்காலத்தில் ஒரு சுற்றுலாக் கூட்டத்தோடு டெல்லி வருவதாகவும், வீட்டுக்கு வரலாமா என்றும் கேட்டிருந்தார்.

"நீ என்னம்மா எழுதினே?" என்று கேட்டேன்.

"எல்லாம் எழுதினேன்ப்பா. உங்க தாத்தாவோட அப்பா வரைக்கும் போகல. பேட்ஜும் எழுதல."

"அதுதானே விஷயமே?"

"நான் பொய் எழுதலயே. அவங்களா நெனச்சுக்கிட்டாங்க. க்யா ஃபர்க் பட்தா ஹை, இதுல என்ன வந்துருச்சு? நூறு வருஷம் முன்னாடி நடந்தத யாரு பார்த்தா?"

பேச்சியம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "ஏன் புள்ளைய வெரட்டுதீங்க? ஒரு கெழவி தனியாக் கெடக்கா. சொந்தம்னு நெனச்சுச் சந்தோசப்பட்டுட்டுப் போட்டும். நம்ம புள்ளைக்கும் ஒரு வழி பொறக்கும். நீங்க வாயத் தெறக்காம இருந்தாப் போதும். அதுதான் ஒங்களுக்கு நல்லா வருமே."

அதில் பொய் ஒன்றும் இல்லை. இருந்தாலும் சொன்னேன்: "பேச்சி, நாம அவங்க ரத்தம்னா என்ன அர்த்தம்? எங்க தாத்தா அந்தத் துரைக்குப் பொறந்தவருன்னு ஆகும். அப்ப எங்க பூட்டி யாரு?"

"சீ! என்ன பேச்சு பேசுதீங்க!" என்றாள். ஆனால் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அதுவரை அவள் அந்தப் பக்கம் யோசிக்கவில்லை.

"அப்பா, அவங்க ஊர்ல அதெல்லாம் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. கல்யாணம் ஆச்சுன்னு நெனப்பாங்க."

"அவங்க எப்படியும் நெனைக்கட்டும். சுடலைமுத்துவ எங்க வைக்க? அவரு யாருன்னு சொல்ல?"

கோமதி கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தாள். அவள் ஆசை சின்ன ஆசை இல்லை. போன வருடம் ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டிய பட்டியலில் பெயர் இல்லை என்று தெரிந்ததும் பஸ் நிறுத்தத்தில் நின்று அழுதாள். நான்தான் கைக்குட்டை கொடுத்துக் கூட்டிவந்தேன். நான் வாயை மூடிக்கொண்டால் அவள் நர்ஸ் ஆவாள். திறந்தால் என்ன ஆவாள் என்று எனக்குத் தெரியாது. ஒரு மாதம் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் இதையே யோசித்தேன். கடைசியில் கோமதியிடம், "அவங்க வரும்போது நான் சொல்லுதேன். நீ அத அப்படியே இங்கிலீஷ்ல சொல்லணும்" என்றேன். முகத்தைப் பார்க்காமல் சரி என்றாள்.

5

ஞாயிறு மாலை நான்கு மணிக்கு டாக்சி வந்தது. உயரமான, ஒல்லியான அம்மாள். படியேறுவதற்குள் மூன்று பால்கனிகளில் ஆட்கள் நின்றார்கள். "பாபீ ஜி, மேம் சாப் ஆயீ ஹைன்!" என்று கீழ்வீட்டு அம்மாள் பேச்சிக்குக் குரல் கொடுத்தாள், வெள்ளைக்கார அம்மாள் வந்திருப்பது எங்களுக்குத் தெரியாததுபோல.

பேச்சி வடையும் கேசரியும் செய்திருந்தாள். அந்த அம்மாள் வடையை ஸ்பூனால் வெட்டப் பார்த்து, அது ஓடவே, சிரித்துக்கொண்டு கையால் எடுத்தார். பேச்சிக்கு அவரைப் பிடித்துவிட்டது. "நல்ல மனுசி" என்று என் காதில் சொன்னாள். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

பிறகு ஒரு பெரிய தாளைக் கட்டிலில் விரித்தார். அவர்கள் வம்சம் முழுவதும் அதில் இருந்தது. பழைய பெயர்கள் மையில். கடைசிப் பகுதி மட்டும் பென்சிலில். துரையின் பெயரிலிருந்து ஒரு கோடு நேராக இறங்கி என் தாத்தாவிடம் வந்து நின்றது. அங்கிருந்து அப்பா, நான், கோமதி. சுடலைமுத்துவுக்கு அந்தத் தாளில் இடமே இல்லை.

நான் எழுந்து நின்றேன். தமிழில் மெதுவாக எல்லாம் சொன்னேன். சங்கிலி, வார், வில்லை, பத்திரம். கோமதி இங்கிலீஷில் சொன்னாள். நான் பத்து வாக்கியம் சொன்னதற்கு அவள் மூன்று வாக்கியம் சொன்னாள். அதில் 'ஃபேமிலி' என்ற வார்த்தை என் காதில் விழுந்தது. அந்த அம்மாளும் தலையசைத்து, "ஃபேமிலி, யெஸ்" என்று என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்.

"வில்லையப் பத்திச் சொன்னியா கோமு?"

"சொன்னேன்ப்பா."

"பிராஸ்னு ஒரு வார்த்தை வரலியே."

அவள் தரையைப் பார்த்தாள். "அப்பா, ப்ளீஸ்" என்றாள்.

நான் அலமாரியிலிருந்து வில்லையை எடுத்துவந்து தாளின் மேல், அந்தக் கோட்டின் மேலேயே வைத்தேன். அந்நியர் முன்னால் இங்கிலீஷில் நான் பேசியதே இல்லை.

"மேடம். திஸ் மேன், நோ சில்ட்ரன் ஹியர். மை கிரேட் கிராண்ட்ஃபாதர், சுடலைமுத்து. செயின் மேன். குட் செயின் மேன். ஹீ வேர் திஸ் பிராஸ். ஹீ நோ ரீட். ஹீ திங்க், திஸ் மை நேம். ஆல் பேப்பர், திஸ் நேம். நாட் பிளட், மேடம். சாரி."

சொல்லி முடித்தபோது சட்டை நனைந்திருந்தது, அந்தக் குளிரில்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுத்துகளின் மேல் கட்டைவிரலை ஓட்டினார். கோமதியைப் பார்த்தார். பேச்சியைப் பார்த்தார். பிறகு கைப்பையிலிருந்து ரப்பர் எடுத்து, துரையிலிருந்து தாத்தாவுக்கு இறங்கிய கோட்டை அழித்தார். மெதுவாக, தாள் கசங்காமல். டீச்சர் இல்லையா. அழித்த தூளை ஊதிவிட்டு, ரப்பரைத் தாத்தாவின் பெயருக்குக் கொண்டுபோனார்.

நான் பெயர்களின் மேல் என் கையை வைத்துவிட்டேன்.

"நோ மேடம். லைன் ராங். நேம் கரெக்ட்."

"கரெக்ட்?" என்றார்.

"கரெக்ட். லேண்ட், ஸ்கூல், சர்வீஸ் புக். ஃபோர் மென். மை ஃபேமிலி நேம்."

என்னை நன்றாகப் பார்த்தார். ரப்பரைப் பைக்குள் போட்டார். நான் அவரிடமிருந்து பென்சிலை வாங்கி, தாத்தாவுக்கு மேலே இருந்த காலி இடத்தில் சுடலைமுத்து என்று எழுதி, பக்கத்தில் அந்த எட்டு எழுத்துகளையும் எழுதினேன். மேலே யாரோடும் கோடு சேர்க்கவில்லை. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு ஏதோ சொன்னார்.

கோமதி சொன்னாள், இந்தத் தடவை முழுதாக. "உண்மையச் சொன்னதுக்கு நன்றின்னு சொல்றாங்க. தெரியாமலே இருந்திருந்தா இன்னும் கொஞ்சம் சந்தோஷமா இருந்திருப்பேன்னும் சொல்றாங்க."

அவர் டீயை மிச்சம் வைக்காமல் குடித்தார். படியில் இறங்கும்முன் கோமதியின் கையைப் பிடித்து வாழ்த்துச் சொன்னார். அவர் வீட்டு மூன்று அறைகளைப் பற்றியோ நர்ஸ் படிப்பைப் பற்றியோ பேச்சு வரவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. கோமதி டாக்சி தெருமுனை திரும்பும்வரை எதிர்பார்த்துக்கொண்டு நின்றாள்.

மேலே வந்ததும், "ஆப்னே மேரா சப் குச் கத்தம் கர் தியா, பப்பா" என்றாள். என் எல்லாவற்றையும் முடித்துவிட்டீர்கள் என்று. அப்பா என்றுகூடச் சொல்லவில்லை.

பேச்சி தட்டுகளை அடுக்கிக்கொண்டே, "நீங்க சொன்னது சரிதான். ஆனா சொல்லியிருக்க வேண்டாம்" என்றாள்.

இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன். "இங்கேயே படிக்கட்டும். இந்த வருசம் எடம் கெடைக்கலன்னா அடுத்த வருசம். நான் கூட வாரேன்."

ஊரில் கேட்பவர்களுக்கு இதுதான் செய்தி. சீமையில் எங்களுக்குச் சொந்தம் யாரும் இல்லை. பெயர் மட்டும் எங்களுடையது. அதை மாற்றப் போவதில்லை. ஆபீசில் இப்போது யாராவது பூட்டியைப் பற்றிக் கேட்டால், சுடலைமுத்துவைப் பற்றிச் சொல்கிறேன். அந்த அளவுக்கு இந்தி வந்துவிட்டது.

6

அந்த அம்மாள் வந்துபோன மறுநாள், திங்கட்கிழமை. அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, நர்ஸ் பயிற்சிக்குப் படிவம் கொடுக்கும் ஆஸ்பத்திரி வரிசையில் கோமதியோடு போய் நின்றேன். அவள் என்னோடு பேசவில்லை. பதினொன்றரைக்கு எங்கள் முறை வந்தது. எழுதும்போது ஒன்று கெட்டுப்போனால் இருக்கட்டும் என்று இரண்டு படிவம் வாங்கினோம்.